பெட்டி புறப்பட்ட நேரம்

என் அண்ணன் தில்லையம்பலம் என்னைச் சாகடித்தது பலெர்மோவின் பல்லரோ சந்தையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது. கூட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

"மாப்பிள்ளை வீட்டாருக்கு நீ செத்துப்போனாய் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்," என்றார். ஒரு கத்தரிக்காயைத் தூக்கி, அமத்திப் பார்த்து, திருப்பி வைத்தார். "இனி மாத்தேலாது, மலர். நீயும் எங்கையும் வாய் விட்டிடாதை."

மீன்காரன் பக்கத்தில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. சரியாகத்தான் கேட்டிருந்தேன்.

கல்யாணம் என் மகள் நிரோசினிக்கு. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஷெல் விழுந்து அவளுடைய அப்பா போய்விட்டார். பிள்ளையை அண்ணனிடமும் அவர் மனைவி, என் மச்சாள் ஞானம்பிகையிடமும் விட்டுவிட்டு நான் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பிறகு அண்ணனும் இங்கே வந்தார். போன வருடம் மச்சாளும் வந்தா. பிள்ளையை மட்டும் கொழும்பிலிருந்து நேரே பிரான்சுக்கு, பரிஸ் நகரத்துக்கு அனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளை தனேஸ் அங்கே இருப்பதால். கல்யாணப் பேச்சுக்கால் எல்லாம் அண்ணனே டெலிபோனில் முடித்திருந்தார்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பின்னை என்ன சொல்லுறது? விதவை. வெள்ளைக் கிழவியோடை கார் ஓடித் திரியிறாய். மாசக்கணக்கிலை ஊர் ஊராப் போறாய். அவை பெரிய இடம். தாயும் தேப்பனும் இல்லாத பிள்ளை, தாய்மாமன்தான் வளர்த்தவன் எண்டன். நானும் மச்சாளும் தாய் தேப்பன் இடத்திலை நிக்கிறம். வடிவா முடிஞ்சிடும்."

பலெர்மோவின் கபோ பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறவர் என் அண்ணன். பரிஸ் மாப்பிள்ளை வீட்டாரிடம் தன்னை 'மனேச்சர்' என்று சொல்லியிருந்தார். தன்னை உயர்த்திக்கொண்டதை நான் மன்னித்திருப்பேன். அதற்காக என்னைப் புதைத்திருக்க வேண்டாம்.

எங்கள் கல்யாணங்களில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைப்பார். தாய் செம்பிலிருந்து அந்தக் கைகளில் தண்ணீர் வார்ப்பாள். அந்தத் தண்ணீரை மச்சாள் வார்க்கப் போகிறா. அந்தத் தண்ணீர் என்னுடையது.

அண்ணன் இன்னும் முடிக்கவில்லை. "சிஞ்ஞோராவின்ரை காரைக் கேள். நீதான் ஓட வேணும். மச்சாளுக்குப் பிளேன் எண்டாலே நெஞ்சு படபடக்கும். குத்துவிளக்கு, பலகாரம் எல்லாம் ஏத்தோணும். கலியாண ஹோலிலை ஆரும் கேட்டா, கார் ஓட வந்த ஆள் எண்டு சொல்லுவம்."

"ஓம்," என்றேன்.

என்னைத் தெரிந்தவர் என்றால் அந்த 'ஓம்' கேட்டு அவர் பயந்திருக்க வேண்டும். அவர் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

சிஞ்ஞோராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் வீட்டுக்காரி; பல்லரோ சந்தை இருக்கும் அல்பெர்கேரியாவின் ஓரத்தில் பெரிய பழைய வீட்டில் தனியாக இருக்கும் கிழவி. தனக்குக் கார் ஓடத் தெரியாது என்பதால் என்னை ஓடப் பழக்குவித்தா. ஒவ்வொரு கோடையிலும் என்னைக் கூட்டிக்கொண்டு பிரான்சில் மோர்வான் என்ற இடத்துக்குப் போவா. லியோனுக்கும் பரிசுக்கும் நடுவில், பெரிய வீதியை விட்டு விலகி, காடும் குளமும் கருங்கல் வீடும் வெள்ளை மாடுமாகக் கிடக்கிற பகுதி. பிரெஞ்சுக்காரர்களிலேயே பாதிப்பேர் அங்கே போனதில்லை என்று பெருமையாகச் சொல்வா.

கிழவிக்குச் சட்டங்கள் உண்டு. பெரிய வீதியில் ஏறக்கூடாது. மாடு குறுக்கே வந்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும். வழியோரம் மரவாங்கு கண்டால் இறங்கி உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு ஊருக்கு மேல் பார்த்தால் அது பயணமில்லையாம், ஓட்டமாம். முதல் வருடம் எனக்கு விசர் பிடித்தது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்த சனம். ஆறுதலாகப் போவதற்கென்று ஒருத்தி கடல் தாண்டிப் போகிறாளே என்று சிரித்தேன். மூன்றாம் வருடம் அந்த ஒழுங்கைகள் எனக்கு அல்பெர்கேரியாவை விட நன்றாகத் தெரிந்திருந்தன. எந்த வளைவில் வயிறு பிரட்டும், எந்தப் பண்ணையில் மாடுகள் மாலையில் வீதியைக் கடக்கும், எல்லாம் தெரியும்.

காரைக் கேட்டபோது சிஞ்ஞோரா ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கார்த் திறப்பைத் தந்து, "மெதுவாகப் போ, மலர்," என்றா.

"மெதுவாகத்தான் போவேன், சிஞ்ஞோரா."

புறப்படுவதற்கு முன் நிரோசினி டெலிபோன் எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். "அம்மா, மாமா சொல்லிப்போட்டார், நான் ஒண்டும் கதைக்கக் கூடாதாம். கதைச்சாக் கலியாணம் குழம்புமாம். நீங்கள் வாங்கோ அம்மா. பின்னுக்கு நிண்டாலும் பரவாயில்லை. எனக்கு உங்களைப் பாக்கோணும்."

"பின்னுக்கு நிக்கமாட்டன் பிள்ளை," என்றேன். "அழாதை. முகம் வீங்கிப்போகும்."

முந்தின கோடைகளில் சிஞ்ஞோராதான் எனக்கு விசா எடுத்துத் தருவா; அந்த வருடம்தான் இத்தாலியின் வதிவிடப் பத்திரம், பெர்மெஸ்ஸோ, இருந்தால் விசா இல்லாமல் பிரான்சுக்குப் போகலாம் என்று வந்திருந்தது. 1998, ஆனி மாதம். கப்பலில் ஜெனோவாவுக்குப் போய் அங்கே ஓரிரவு தங்கினோம். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முன் முகூர்த்தம். சனி இரவே பரிசில் நிற்க வேண்டும் என்பது அண்ணனின் திட்டம்.

என் திட்டத்துக்கு அண்ணனே உதவி செய்தார். அவருடைய சேர்ட் பொக்கெற்றில் எப்போதும் ஒரு சின்னப் பஞ்சாங்கம் இருக்கும். அதைப் பார்க்காமல் மனிசன் தும்மவும் மாட்டார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்கு முன் புறப்படலாம் என்று அவர் அவசரப்பட்டார். நான் இரண்டாவது கோப்பி குடித்தேன். பிறகு சில்லுக்குக் காற்றுப் பார்த்தேன். மாதாகோயில் மணி ஒன்பது அடித்தது. அண்ணன் ஏறின காரிலிருந்து தானே இறங்கினார்.

"பத்தரை மட்டும் பொறுப்பம்," என்றார்.

"ஓம் அண்ணை. நல்ல காரியத்துக்குப் போறம்."

பின்நேரம் எமகண்டம் தொடங்குகிற நேரம் பார்த்துச் சாப்பிட நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்தால் எமகண்டத்துக்குக் குற்றமில்லையாம். நிறுத்திவிட்டுத் திரும்ப எடுத்தால் அது புதுப் பயணமாம். இதுவும் அண்ணனின் சட்டம்தான். எனவே பெரிய வீதியோரத்தில் ஒரு மரத்தின் கீழ், பலகாரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தோம். பரிசுக்குப் போகிற வாகனங்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. எனக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன்.

லியோன் தாண்டியதும் குறுக்குவழி என்று சொல்லி மோர்வானுக்குள் இறக்கினேன்.

பிறகு வீதி ஒடுங்கியது. மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. ஒரு வெள்ளை மாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. எஞ்சினை நிறுத்தினேன். மாடுகள் எங்களைப் பார்த்தன, அண்ணன் மாடுகளைப் பார்த்தார்.

"கோர்ன் அடி."

"அடிக்கக் கூடாது அண்ணை. இஞ்சை அது மரியாதை இல்லை."

ஒரு குளத்தடியில் வாங்கு கிடந்தது. இறங்கி உட்கார்ந்தேன். கால் பிடித்துவிட்டது என்றேன். அண்ணன் காருக்கும் எனக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தார். மச்சாள் நாலு வளைவுக்கு ஒருதரம் வாந்தி எடுத்தா.

"இதுவும் பிரான்சோ? மாடும் மரமும்தான் கிடக்குது," என்றார் அண்ணன்.

"இதுதான் பிரான்ஸ். வடிவாப் பாருங்கோ. இப்பிடிப் பாக்க வெள்ளைக்காரர் ஏங்கிக்கொண்டிருக்கினம்."

ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது. அதற்கு மேல் மச்சாளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சிஞ்ஞோராவும் நானும் வழக்கமாகத் தங்கும் வீட்டு வாசலில் காரை விட்டேன். மதாம் ஒடெத்தின் பண்ணை வீடு. மேலே இரண்டு அறைகள் தங்க வருபவர்களுக்கு விடுவாள். கோடாலிப் பிடி மாதிரிக் கைகள், எழுபது வயது, வாயில் அதிகம் சொல் வராது.

"விடிய நாலரைக்கு எடுத்தால் காணும், மூண்டு மணித்தியாலம்தான்," என்றேன். அண்ணன் மச்சாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் ஒரு பழைய படம் தொங்கும். தலையில் நீளமான ரிப்பன் கட்டிய ஒரு இளம்பெண், மடியில் வேறு யாரோ ஒருவரின் கொழுத்த குழந்தை. அந்தக் காலத்தில் மோர்வான் பெண்கள் பரிசுக்குப் போய்ப் பணக்காரரின் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்களாம். அவர்களின் சொந்தப் பிள்ளைகள் ஊரில் மாட்டுப்பாலில் கிடக்கும். இந்தப் படத்தை முதல் தடவை பார்த்த அன்று நான் சாப்பிடாமல் எழுந்துபோனது ஒடெத்துக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஆர் உது?" என்று அண்ணன் கேட்டார். சொன்னேன்.

அவர் சூப்பை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "உன்னைப் போல ஒருத்தி."

அதுவரை என் நெஞ்சின் ஒரு மூலையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. உடன்பிறந்தவர், பிள்ளையை வளர்த்தவர், வேண்டுமென்றால் கடைசி வரிசையிலாவது நிற்கட்டும் என்று கூட யோசித்திருந்தேன். அந்தச் சிரிப்போடு அது போய்விட்டது.

சாப்பிட்டு முடிந்ததும் பஞ்சாங்கம் வெளியே வந்தது. அண்ணனின் முகம் மாறியது.

"மலர், நாளைக்கு ஞாயிறு. மேற்கே சூலமெல்லோ? பரிஸ் இஞ்சையிருந்து எந்தப் பக்கம்?"

"மேற்கு," என்றேன். வடக்கும் பாதி இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அண்ணன் எழுந்து நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பிள்ளையைத் தாரைவார்க்கப் போகிற பயணம், சூலத்துக்கு எதிரே போகலாமா? இரவே போய்விடலாம் என்றால் மச்சாள் மேலே கட்டிலில் முனகிக்கொண்டிருந்தா. ஜன்னலுக்கு வெளியே காடு கறுத்துக்கொண்டு வந்தது.

அவருக்கு வழி நான் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். நல்ல நேரத்தில் பெட்டி வாசலைத் தாண்டிவிட்டால் ஆளே புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. எங்கள் ஊரில் எத்தனை பேருடைய குடையும் செருப்பும் ஆளுக்கு முன்னாலேயே இப்படிப் பயணம் போயிருக்கின்றன!

பஞ்சாங்கத்தில் அன்றிரவே ஒரு நல்ல நேரம் அகப்பட்டது. அண்ணன் கைகால் கழுவி, திருநீறு பூசி, பெட்டியைத் தூக்கினார். அதற்குள் அவருடைய பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகை, மச்சாளின் காஞ்சிபுரம், தாரைக்கு வெள்ளிச் செம்பு. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று கோட்டையும் சப்பாத்தையும் கழற்றி உள்ளே வைத்தார். வாசலில் வலதுகாலை எடுத்து வைத்து, காரின் பின்பக்கத்தில் பெட்டியை ஏற்றி, பரிஸ் பார்க்கத் திருப்பி வைத்தார். நான் டோர்ச் லைட் பிடித்தேன்.

"இனி யோசனை இல்லை," என்றார் கைகளைத் தட்டி. "நாங்கள் வெளிக்கிட்டாச்சு."

"ஓம் அண்ணை. வெளிக்கிட்டாச்சு."

"நாலரைக்கு எழுப்பு."

அவர் ஒடெத்தின் பழைய மரச்செருப்பைப் போட்டுக்கொண்டு படியேறினார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இனிக்கிறது.

குசினியில் ஒடெத் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி இத்தாலியமும் பாதி பிரெஞ்சுமாக என் பாஷையில் எல்லாவற்றையும் சொன்னேன். நான் செத்துப்போன கதையையும், தண்ணீர் வார்க்கும் கதையையும். அவள் கதவு வழியே சாப்பாட்டு அறைப் படத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர்கள் எப்போது வந்து சேர வேண்டும்?"

"வரட்டும். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு."

"நாளைக்கு இங்கே பஸ் இல்லை. நான் கொண்டுவந்து விடுகிறேன். என் கார் பெரிய வீதியில் ஏறாது," என்றாள் ஒடெத். "மத்தியானம் நான் எங்கேயாவது நிறுத்திச் சாப்பிட வேண்டும். அதை ஒருத்தருக்காகவும் விடமாட்டேன்."

ஹோலின் விலாசத்தை மேசையில் வைத்தேன். அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளிடம் வெங்காயமும் பாலும் மணந்தன.

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும்போது காரை எடுத்தேன். ஒருவரையும் எழுப்பவில்லை. மேலே அண்ணனின் குறட்டை நன்றாகக் கேட்டது. பாவம் பார்த்தேனா? இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிஞ்ஞோராவின் காரைப் பெரிய வீதியில் முழு வேகத்தில் விட்டேன். கிழவி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

பரிசில் ஒரு பெற்றோல் நிலையத்தில் முகம் கழுவிச் சேலை மாற்றினேன். பச்சைச் சேலை. பன்னிரண்டு வருடமாக என் பெட்டியின் அடியில் கிடந்தது. அண்ணனின் பெட்டியைத் திறந்து செம்பை மட்டும் எடுத்தேன்.

ஹோல் வாசலில் ஒரே பரபரப்பு. மாப்பிள்ளையின் தாய் மணிக்கூட்டையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. நல்ல உயரமான மனிசி, கறாரான முகம். உள்ளே ஐயர், "பொம்பிளையின்ரை தாய்மாமன் ஆக்கள் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்பது ஒலிபெருக்கியில் கேட்டது. தனேஸ் மணவறையில் வியர்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் மகள். வளர்ந்து, நெற்றிச்சுட்டியும் மாலையுமாக, குனிந்த தலை. நடுவழியால் நேரே நடந்தேன். பின்னுக்கு நிற்கமாட்டேன் என்று சொன்னேன்தானே.

அவள் நிமிர்ந்தாள். மாமாவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் எங்கே போனதோ, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "அம்மா!" என்று கத்தினாள். ஹோல் முழுக்கக் கேட்டது.

மாப்பிள்ளையின் தாய் எனக்குப் பின்னாலேயே ஓடி வந்தா. "ஆர் நீங்கள்?"

"பொம்பிளையின்ரை தாய். செல்வமலர்."

"அவ செத்துப்போனாவெண்டெல்லோ சொன்னவை?"

"இல்லை. தமையன் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டார்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். மாப்பிள்ளையின் தாய் என் முகத்தையும் நிரோசினியின் முகத்தையும் பார்த்தா. ஒரே மூக்கு, ஒரே நாடி. ஒருத்தரும் சாட்சி சொல்லத் தேவையில்லை.

ஐயர் மெல்ல இருமினார். "தாயெண்டாலும்... சுமங்கலியா ஆரையும் கூப்பிட்டு வார்க்கிறதுதான் முறை அம்மா."

"ஐயா, எனக்கு அவள் ஒருத்தி. அவளுக்கு நான் ஒருத்தி," என்றேன். செம்பை இறுக்கிப் பிடித்தேன். பயத்தில் இல்லை. அவர் இன்னும் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தச் செம்பாலேயே அடித்திருப்பேன்.

மாப்பிள்ளையின் தாய் மணிக்கூட்டைப் பார்த்தா. "முகூர்த்தம் போகுது ஐயா. பொய் சொன்னவனோடை நான் பிறகு கதைக்கிறன். தாயெண்டாத் தாய்தானே, வார்க்கட்டும்."

அண்ணன் காலமெல்லாம் கும்பிட்ட நேரம் அன்றைக்கு என் பக்கம் நின்றது.

ஒரு கையால் மகளின் கையைப் பிடித்துத் தனேசின் கையில் வைத்தேன். மறு கையால் தண்ணீர் வார்த்தேன். கையும் நானே, தண்ணீரும் நானே. நிரோசினி ஒருதரம் வாசல் பக்கம் பார்த்தாள். வளர்த்தவர்களைத் தேடினாளோ தெரியாது. நான் கேட்கவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீர் அவள் முழங்கை வழியாக என் பச்சைச் சேலையில் வழிந்தது.

பந்தி முடிந்து, வாழையிலை எல்லாம் எடுத்து, கதிரைகளை அடுக்கத் தொடங்கிய நேரத்தில் ஒரு பழைய ரெனோ கார் ஹோல் வாசலில் இருமிக்கொண்டு வந்து நின்றது. ஒடெத் முதலில் இறங்கினாள். நல்ல சட்டை போட்டிருந்தாள். குளம் காட்டினேன், மூன்று கோயில் காட்டினேன், மீன் பொரியல் வாங்கிக் கொடுத்தேன், உன் மச்சாள் இரண்டு தரம் சாப்பிட்டாள் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

பின்கதவு திறந்தது. அண்ணன் இறங்கினார். காலில் மரச்செருப்பு, சேர்ட்டில் வைக்கோல், முகம் கன்றிச் சிவந்திருந்தது. பஞ்சாங்கம் பொக்கெற்றில் இருந்து எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் மச்சாள், நேற்றைய சேலையில்.

மாப்பிள்ளையின் தாய் கையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தா. "இவர்தானோ அந்த மனேச்சர்?"

அண்ணன் அவவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் ஈரச் சேலையைப் பார்த்தார். "மலர்... நீ..."

நான் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். பூட்டுக்கூடக் கீறல் படாமல் இருந்தது.

"ஏன் அண்ணை கோவிக்கிறியள்? நீங்கள் நேத்தே நல்ல நேரத்திலை வெளிக்கிட்டிட்டியள்தானே," என்றேன். "பெட்டி நேரத்துக்கு வந்து சேந்திட்டுது. கார் ஓட வந்த ஆள் வடிவாக் கொண்டுவந்து சேர்த்தவள்."